பொய்யும் சொத்தும்

2013 செப்டம்பர் 9, பள்ளிகள் திறந்த நாள். நியூஜெர்சியின் ஃபோர்ட் லீ ஊரிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் ஏறுவோருக்குக் காலை நேரத்தில் மூன்று சுங்கத் தடங்கள் ஒதுக்கப்படுவது அப்போது வழக்கம். அன்று அவை ஒரே தடமாகச் சுருங்கின. ஊர்த் தெருக்களில் வாகனங்கள் மணிக்கணக்கில் நின்றன. பள்ளிப் பேருந்துகள் அசையவில்லை. மாரடைப்பு வந்தவரிடம் போய்ச் சேர ஆம்புலன்ஸ் திணறியது. நான்கு நாட்கள் நீடித்த இந்த அவதிக்கு அதிகாரிகள் சொன்ன காரணம், போக்குவரத்து ஆய்வு. அது பொய். ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியின் மறுதேர்தலுக்கு ஆதரவு தர மறுத்த ஊர் மேயரைத் தண்டிக்கவே தடங்கள் மூடப்பட்டன. ஆளுநர் மீது கூட்டாட்சி வழக்கு இல்லை. அவருடைய அலுவலகத்தில் துணைப் பொறுப்பிலிருந்த பிரிட்ஜெட் கெல்லியும் பாலத்தை நிர்வகிக்கும் துறைமுக ஆணையத்தின் உயரதிகாரி ஒருவரும் கூட்டாட்சி மோசடிச் சட்டத்தின்கீழ் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள்.

2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒருமனதாக ரத்து செய்தது. நடந்தது முறைகேடு, அதிகார துஷ்பிரயோகம் என்பதை நீதிபதி எலினா கேகன் மறைக்கவில்லை. ஆனால் மோசடிச் சட்டம் கேட்கும் கேள்வி வேறு: பொய் சொன்னவர்கள் பணத்தையோ சொத்தையோ பறிக்க முனைந்தார்களா? சுங்கச் சாவடியின் பன்னிரண்டு தடங்களில் ஊருக்கு எத்தனை, நெடுஞ்சாலைக்கு எத்தனை என்று பிரிப்பது அரசின் ஒழுங்குமுறை அதிகாரம். தடத்தை யாரும் கவர்ந்து செல்லவில்லை. ஒற்றைத் தடத்தில் இருந்த சுங்க ஊழியர் ஓய்வுக்கு எழுந்தால் மாற்றாள் வேண்டுமே என்று இன்னொருவருக்கு மேலதிக ஊதியம் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அந்த ஊதியம் அரசின் சொத்துதான் என்றாலும், சதியின் குறி அதுவல்ல, அது பக்கச் செலவு மட்டுமே என்றது நீதிமன்றம்.

போக்குவரத்தில் சிக்கித் தவித்தவருக்கு இந்த விளக்கம் எப்படி ஆறுதல் தரும்? அவருடைய கோபம் நியாயமானது. அரசு வழக்கறிஞர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. உள்ளூர் அதிகாரத்தில் வேரூன்றிய ஊழலை உள்ளூர் அமைப்புகளே விசாரிப்பது கடினம். வெளியிலிருந்து வரும் கூட்டாட்சி அரசுதான் பல நேரங்களில் துணிந்து கை வைக்கிறது. அஞ்சல் மோசடிச் சட்டம் 1872 முதல் இருக்கிறது, கம்பிவழி மோசடிச் சட்டம் 1952 முதல். இவற்றைப் போலக் கைக்கு அடக்கமான கருவி அவர்களுக்கு வேறில்லை.

மறுபக்கத்தையும் அதே பரிவோடு பார்க்க வேண்டும். இந்த மோசடிக் குற்றத்துக்கு இருபது ஆண்டு வரை சிறை உண்டு. ஏறக்குறைய ஒவ்வொரு மின்னஞ்சலும் கூட்டாட்சி வரம்புக்குள் வந்துவிடும் காலம் இது. அரசியல் காரணத்தை மறைத்து எடுத்த முடிவெல்லாம் மோசடி என்றானால், ஆதரவாளர்களின் தெருவில் முதலில் பனி அள்ளச் சொல்லிவிட்டு வேறு காரணம் காட்டும் மேயரும் சிறைக்குப் போக வேண்டியிருக்கும். இன்று நமக்குப் பிடிக்காதவர் மீது பாயும் தெளிவற்ற சட்டம், நாளை யார் மீதும் பாயும்.

எல்லைக்கோடு எங்கே என்ற தேடல் புதிதல்ல. 1987இல் மெக்நாலி வழக்கில், நேர்மையான நிர்வாகத்துக்கு மக்களுக்குள்ள உரிமை சொத்து அல்ல என்றது நீதிமன்றம். அதே ஆண்டு, பத்திரிகை ஒன்றில் வெளிவரவிருந்த பங்குச் சந்தைத் தகவலை முன்கூட்டியே கசியவிட்டு லாபம் பார்த்த வழக்கில், அந்த ரகசியத் தகவல் பத்திரிகையின் சொத்தே என்றது. அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒற்றை வாக்கியத்தில் ‘நேர்மையான சேவை’ உரிமையைச் சட்டத்தில் சேர்த்தது. 2010இல் என்ரான் நிறுவனம் தொடர்பான வழக்கில் அதை லஞ்சம், கமிஷன் இரண்டுக்குள் நீதிமன்றம் அடக்கியது. 2023இல் நியூயார்க்கின் பஃபலோ கட்டுமான டெண்டர் வழக்கு வந்தது. ஒரு நிறுவனத்துக்கு ஏற்றவாறு நிபந்தனைகள் தைக்கப்பட்டிருந்தன. ஆயினும், முடிவெடுக்கத் தேவையான தகவலைப் பெறும் உரிமை மட்டுமே சொத்தாகிவிடாது என்று தீர்ப்பு வந்தது.

நீதிமன்றம் எப்போதும் சுருக்கிக்கொண்டே போகிறது என்று சொல்வதும் சரியல்ல. ஃபிலடெல்ஃபியாவில் பாலம், ரயில் நிலையப் பணிகளை எடுத்த ஒப்பந்ததாரர், பின்தங்கிய பிரிவினரின் நிறுவனத்திடம் பெயிண்ட் வாங்குவதாக உறுதியளித்தார். அந்த நிறுவனமோ காகிதத்தில் பில் மாற்றித் தந்ததோடு சரி. வேலை நன்றாகவே முடிந்தது, அரசுக்கு நஷ்டமில்லை என்று அவர் தரப்பு வாதிட்டது. பொய் சொல்லிப் பணம் பெற்றதே போதும், நஷ்டம் கட்டாயமில்லை என்று 2025 மே மாதம் கூசிசிஸ் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. பணம் கைமாறிய இடத்தில் சட்டம் உறுதியாக நிற்கிறது. அதிகாரம் மட்டும் வளைக்கப்பட்ட இடத்தில் விலகிக்கொள்கிறது. இந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் கோட்டுக்கு அப்பால் உள்ள இடத்தை யாரோ காக்க வேண்டும்.

ஃபோர்ட் லீயின் உண்மை வெளிவந்த விதத்தை இங்கே கவனிக்கலாம். பெர்கன் கவுண்டியின் ‘தி ரெக்கார்ட்’ நாளிதழில் போக்குவரத்துப் பத்தி எழுதுபவர் இந்த நெரிசலுக்குக் காரணம் கேட்டார். மாநிலச் சட்டமன்றக் குழு ஆவணங்களைக் கோரிப் பெற்றது. மின்னஞ்சல்கள் வெளிச்சத்துக்கு வந்தன. இவை எதற்கும் மோசடிச் சட்டம் தேவைப்படவில்லை.

ஆகவே வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். பதவியிலிருப்பவர் வெளியில் சொல்லாமல் தேடும் சுயலாபத்தைத் தண்டிக்க வேண்டுமென்றால், எது குற்றம் என்று காங்கிரஸ் வரையறுத்து எழுதட்டும். இரு கட்சியினரும் ஒப்புக்கொள்ளக்கூடிய எல்லை அதற்கு உண்டு. நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் பதவியைத் தவறாகப் பயன்படுத்துவது தனிக் குற்றம். அங்கே சொத்து என்ற கேள்வியே எழ வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தை மாநில வழக்கறிஞர்கள் கட்சி பார்க்காமல் பயன்படுத்த வேண்டும். டெண்டர் நிபந்தனையை எழுதியவர் யார், மாற்றச் சொன்னவர் யார் என்ற குறிப்பை அரசு நிறுவனங்கள் டெண்டர் அறிவிப்போடு சேர்த்தே வெளியிடலாம். நியூஜெர்சியிலும் நியூயார்க்கிலும் வாழும் தமிழர்களில் பலர் அந்தப் பாலத்துக்குச் சுங்கம் செலுத்துபவர்கள். துறைமுக ஆணையத்தின் வாரியக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கப்படுகிறது. தடங்களை மாற்றும் முடிவு யாருடைய கையெழுத்தோடு, எத்தனை நாள் முன்னறிவிப்போடு வருகிறது என்று அங்கே எழுந்து கேட்கலாம். பதிலை எழுத்தில் தரும்படியும் கோரலாம்.