போம்பே நோய்: ரூ.50 இலட்சம் உதவி எதுவரை போதும்?

நம் உடல் குளுக்கோஸைத் தசைகளில் கிளைகோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கிறது. அதன் ஒரு பகுதி, செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் என்னும் நுண்பைகளில் சிதைக்கப்படுகிறது. இதற்குத் தேவையான நொதியை உருவாக்கும் ஜிஏஏ மரபணு 17-ஆவது குரோமோசோமில் உள்ளது. பழுதுற்ற மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால், கிளைகோஜன் தேங்கித் தசை நலிகிறது. இதுவே போம்பே நோய்.

மரபணுவில் ஏற்பட்ட மாறுபாடு எத்தகையது என்பதே நோயின் கடுமையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நொதி அறவே செயல்படாவிடில், பிறந்த சில மாதங்களிலேயே இதயம் பருத்து, உடல் துவண்டுவிடும்; சிகிச்சை இல்லையெனில் பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டைக் கடப்பதில்லை. நொதி ஓரளவு எஞ்சியிருப்பின், அறிகுறிகள் தாமதமாகத் தோன்றும்: படியேறுவதில் சிரமம், படுத்தால் மூச்சுத்திணறல் முதலியன. தசையிலிருந்து கசியும் ஏஎஸ்டி, ஏஎல்டி நொதிகளின் உயர்வு கல்லீரல் நோயாகத் தவறாகக் கருதப்படுவதுண்டு. அவ்வாறு ஐயம் எழுந்தால், உலர் இரத்தத்துளிப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

நொதியை ஊசிவழி ஈடுசெய்யும் சிகிச்சை 2006 முதல் உள்ளது. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு தேசிய அரிய நோய்கள் கொள்கையில் போம்பே நோய் இடம்பெற்றுள்ளது. 2022-இல் உதவியின் உச்சவரம்பு ரூ.50 இலட்சமாக உயர்த்தப்பட்டது. இத்தொகை நோயாளியிடம் அன்றி, உயர் சிறப்பு மையத்திற்கே வழங்கப்படுகிறது.

இங்கு நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழக்கமான மருந்தளவு, இரு வாரங்களுக்கு ஒருமுறை உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் தேவை. 20 கிலோ ஆகும்போது 400 மில்லிகிராம். குழந்தை வளர வளரச் செலவு கூடுகிறது. உச்சவரம்போ அப்படியே நிற்கிறது. சிகிச்சையோ வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது.

எனவே, தொகை தீரும் தறுவாயில் அல்லாமல், தொடக்கத்திலேயே மையத்தின் மருத்துவரிடம் இவற்றைக் கேட்டறியுங்கள்: தற்போதைய எடையில் உதவி எத்தனை மாதங்களுக்குப் போதும்? பொதுமக்கள் நன்கொடைக்கான அரசு இணையதளத்தில் பதிவு செய்யப்பட்டுள்ளதா? சிகிச்சையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெற்றோர் இருவரும் இம்மரபணுவைத் தாங்குபவர்களாயின், ஒவ்வொரு கருவுறுதலிலும் 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இது எவருடைய குற்றமும் அன்று. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன் மரபியல் ஆலோசனை பெறுங்கள்.