கரையில் நடப்பவன்

தியானப் பகுதி: மாற்கு 6:30–34



விடுமுறை நாட்களில் நம் ஜவ்வாது மலைக்குக் கீழ்நாட்டிலிருந்து வண்டிகள் ஏறி வருகின்றன. ஜமுனாமரத்தூர் கோமுட்டேரியில் படகுகள் மிதக்கின்றன. நண்பரோடு கூடி நீரின்மேல் சற்று நேரம் கவலையற்று இருப்பது பாவமன்று. இளைப்பாறுதல் தேவன் அருளிய ஈவு. ஆயினும் பிறருடைய ஓய்வைப் பறித்து நாம் அடையும் ஓய்வு, வேதம் கூறும் ஓய்வு ஆகாது. இதனை இவ்வாரம் நீங்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.

1934ஆம் ஆண்டு, ஒரு முழுநிலா இரவில், சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பக்கிங்காம் கால்வாய் வழியே ஒரு தோணி சென்றது. பாரதிதாசனும், ப. ஜீவானந்தம், மயிலை சீனி. வேங்கடசாமி முதலிய நண்பர்களும் அதில் இருந்தனர். ‘கிறித்தவமும் தமிழும்’ என்னும் நூலை 1936இல் வெளியிட்ட அதே வேங்கடசாமிதான் இவர். அப்பயணத்தைப் பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடினார். செலவு என்பது இங்கே பயணம். பாடலின் முற்பகுதி முழுவதும் மகிழ்ச்சி. பின்னர் கவிஞரின் கண் கரைக்குத் திரும்புகிறது. அங்கே ஒருவன் கயிற்றைத் தோளிலிட்டுத் தோணியை இழுத்து நடக்கிறான்; மற்றொருவன் முதுகு வளையக் கோலூன்றித் தள்ளுகிறான். கவிஞரால் அதைக் காணப் பொறுக்கவில்லை. உழைப்பாளியின் தோள் இன்றி இன்பக் கரையை எவரும் அடைவதில்லை என்று உணர்கிறார்.

அக்கால்வாயின் வரலாறும் இதையே சொல்கிறது. 1806இல் பேசில் காக்ரேன் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே அதனைத் தொடங்கினார். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, தாது வருடப் பஞ்சத்தின்போது 1877–78இல், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியால் வாடியவர்கள் மண் சுமந்தார்கள். கால்வாய்க்கோ ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் குதிரைகள் கரையோரம் நடந்து படகுகளை இழுத்தன. நம் நாட்டிலோ அக்கயிறு மனிதத் தோளில் கிடந்தது.

இப்போது மாற்கு எழுதிய சுவிசேஷத்துக்கு வாருங்கள். உண்பதற்கும் நேரமின்றிக் களைத்திருந்த சீஷர்களை நம் ஆண்டவர் தனித்து இளைப்பாற அழைத்தார். அவர்கள் படவில் சென்றார்கள். ஜனங்களோ கரைவழியே கால்நடையாய் ஓடி, அவர்களுக்கு முன்னே அங்கே சேர்ந்தார்கள். படவை விட்டு இறங்கிய இயேசு, ஓய்வைக் கெடுத்தார்கள் என்று அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போலிருந்த அவர்கள்மேல் மனதுருகினார். படவில் இருந்துகொண்டே கரையில் இருப்பவரைக் காண்பது கிறிஸ்துவின் பார்வை. கடவுள் நம்பிக்கையை விட்டு விலகியிருந்த ஒரு கவிஞர் கயிறு இழுத்தவனைக் கண்டாரே. கிறிஸ்துவின் பேர் தரிக்கப்பட்ட நாம் காணாமற்போகலாமா?

“கூலி கொடுக்கிறோமே, அது போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். விருந்தினர் வருவதால்தானே பலர் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதும் மெய்யே. ஆனால் வேதம் கூலியையும் ஓய்வையும் வெவ்வேறாகவே கட்டளையிடுகிறது. கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கும்படி உபாகமம் 24ஆம் அதிகாரம் கூறுகிறது. ஓய்வுநாளில் வேலைக்காரனும் வேலைக்காரியும் அந்நியனும், எருதும் கழுதையுங்கூட, நம்மைப்போல் இளைப்பாற வேண்டும் என்று 5ஆம் அதிகாரம் கூறுகிறது. எகிப்தில் நீங்களும் அடிமைகளாயிருந்தீர்கள் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். ஒன்றைக் கொடுத்ததனால் மற்றொன்று தீர்ந்துபோவதில்லை.

நம் சபையிலேயே இரு வகையாரும் இருக்கிறார்கள். சாமை விளைந்த கையோடு கூலி வேலைக்கு மலை இறங்குகிறவர்களும், விடுதிகளில் சமைத்துப் பாத்திரம் கழுவுகிறவர்களும் உண்டு. மாதச் சம்பளம் பெற்று விடுமுறை காண்கிறவர்களும் உண்டு. ஆகவே என் வேண்டுகோள் எளியது. படகு ஏறுமுன் படகோட்டியின் பெயரைக் கேளுங்கள். அவர் சாப்பிட்டாரா என்று விசாரியுங்கள். வேலைக்கு ஆள் வைத்திருப்போர், வாரத்தில் ஒரு நாளைக் கூலி குறையாமல் விடுங்கள். சபை விருந்தில் விடியுமுன் அடுப்பு மூட்டிய சகோதரிகள் முதற்பந்தியில் அமரட்டும், ஆண்கள் பரிமாறட்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து நாம் கண்ணயரும் வேளையில் வீட்டில் இன்னும் நின்றுகொண்டிருப்பவர் யார் என்று பாருங்கள்.

ஜெபிப்போம்: வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை உம்மிடம் அழைக்கும் ஆண்டவரே, எங்கள் இளைப்பாறுதலுக்காக உழைக்கிறவர்களைக் காணும் கண்களைத் தாரும், அவர்கள் தோளின் கயிற்றைச் சற்றே வாங்கிக்கொள்ளும் மனதையும் தாரும். ஆமென்.