ருதுராஜுக்கு முழுப் பொறுப்பையும் கொடுங்கள்

2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அன்று நல்ல கூட்டம். முந்தைய நாள்தான் செய்தி வந்திருந்தது. முழங்கை எலும்பு முறிவால் ருதுராஜ் கெய்க்வாட் விலகுகிறார், சென்னை சூப்பர் கிங்ஸுக்கு மறுபடியும் தோனிதான் கேப்டன். வருத்தப்பட்டவர்கள் குறைவு. "தல வந்துட்டார்ல, இனிமே பாருங்க" என்பதுதான் பேச்சு. அன்றிரவு சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராகச் சென்னை எடுத்தது 9 விக்கெட்டுக்கு 103. கொல்கத்தா 10.1 ஓவரில் முடித்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் ஸ்கோர் கேட்டபோது கடையில் டிவி அணைந்து வெகுநேரமாகியிருந்தது.

அந்த ஐபிஎல் சீசனில் சென்னை 14 ஆட்டங்களில் 4-ஐ மட்டும் வென்று பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில் நின்றது. 2008-லிருந்து அதுவரை இந்த அணி கடைசி இடத்துக்குப் போனதே இல்லை. கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ருதுராஜ் தலைமையில் ஐந்தில் ஒரு வெற்றி. தோனி தலைமையில் ஒன்பதில் மூன்று. கேப்டனை மாற்றியதால் தலைவிதி மாறவில்லை. வேகமாக ரன் சேர்க்க ஆளில்லாமல் அணியை அமைத்ததுதான் அடிப்படைக் கோளாறு. ருதுராஜுக்குப் பதிலாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, பெங்களூருவுக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தபோதுதான் அது எல்லோர் கண்ணுக்கும் பட்டது.

ஆகவே நம் நிலைப்பாட்டை மறைக்காமல் சொல்கிறோம். ருதுராஜிடம் கொடுத்த பொறுப்பை முழுதாகக் கொடுக்க வேண்டும். அதற்கு, தோனி ஆடும் பதினொருவரிலிருந்து விலகி வழிகாட்டியாக வெளியே அமர வேண்டும்.

இதைச் சொல்வது நமக்கும் எளிதல்ல. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகளை வாங்கித் தந்தவர் அவர். ராஞ்சியில் பிறந்தவரை அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் சொந்த வீட்டுப் பிள்ளையாகவே பார்க்கின்றன. அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் அந்த அன்பின் பாரத்தைச் சுமப்பவர் அடுத்து வரும் கேப்டன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்துபவர்களுக்கு இது புரியும். முப்பது வருஷம் வேலை பார்த்த ஃபோர்மேன் ஓய்வுபெற்ற பிறகும் மரியாதைக்காக அவரை அதே ஷெட்டில் வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? அவர் வாயே திறக்க மாட்டார், நல்ல மனிதர். ஆனாலும் புது ஃபோர்மேன் "இந்த டூலை மாத்து" என்றதும் மெஷினில் நிற்பவரின் கண் ஒரு நொடி பழையவர் முகத்துக்குப் போய்விட்டுத்தான் திரும்பும். அந்த ஒரு நொடி போதும், புதியவரின் சொல்லுக்கு எடை இல்லாமல் போக. சேப்பாக்கத்தில் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பவரை நோக்கிப் பந்துவீச்சாளரின் கண் போவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

2022-லேயே இந்தப் பாடம் கிடைத்தது. சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கையில் ஜடேஜா கேப்டன் என்றார்கள். எட்டு ஆட்டம், ஆறு தோல்வி. ஏப்ரல் 30 அன்று பொறுப்பு தோனியிடமே திரும்பியது. ஊட்டிவிடுவது கேப்டனுக்கு உதவாது என்று அப்போது தோனியே சொன்னார். சரியான பேச்சு. அதன்படி நடக்க வேண்டுமானால் ஊட்டும் கை பக்கத்தில் இருக்கக் கூடாது. 2024-லும் அதே அவசரம்; முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் ருதுராஜ் பெயரை அறிவித்தார்கள். உள்ளே முன்கூட்டியே பேசியிருக்கலாம். வெளியே பார்ப்பவருக்கு அது கடைசி நேரத்தில் கைமாறிய சாவிக்கொத்து. அப்படியும் அந்த சீசனில் அவர் 583 ரன் எடுத்தார். அணி ஏழு வென்று, ரன்ரேட்டில் மட்டும் பிளே-ஆஃபைத் தவறவிட்டது. முதல் வருஷக் கேப்டனுக்கு இது நல்ல தொடக்கம்.

வெளியூர் உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் கிரீன் பே என்று ஒரு ஊர். மக்கள்தொகை லட்சத்தைச் சற்றே தாண்டும். நம் ஆவடியில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அங்கே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ரசிகர்களே பங்குதாரர்கள். பிரெட் ஃபாவ்ர் அவர்களுடைய 'தல'. 2008-ல் ஓய்வு என்று அறிவித்தவர், சில மாதத்தில் மறுபடியும் ஆடுகிறேன் என்று வந்தார். அணி நிர்வாகம் கண்ணீரை விழுங்கிக்கொண்டு அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டு, மூன்று வருஷம் பெஞ்சில் காத்திருந்த ஆரன் ராட்ஜர்ஸிடம் அணியைக் கொடுத்தது. முதல் சீசனில் 16 ஆட்டத்தில் 10 தோல்வி. ஊரே கொதித்தது. நிர்வாகம் அசையவில்லை. 2011 பிப்ரவரியில் அதே ராட்ஜர்ஸ் சூப்பர் பவுல் கோப்பையை வென்று கொடுத்தார்.

தோனி இல்லாவிட்டால் டிக்கெட் விற்குமா என்று கேட்பார்கள். சில ஆயிரம் பேர் வராமல் போகலாம். ஆனால் ஒரு மாலைக்கு இரண்டு ஓவர் தோனியைப் பார்க்கவே வருகிறோம் என்றால், ஆட்டத்தை வெல்வது யார் வேலை? 2025 மார்ச்சில் பெங்களூருவுக்கு எதிராக 197 என்ற இலக்கைத் துரத்தும்போது அவர் ஒன்பதாவதாக இறங்கினார். பத்து ஓவர் ஓடி ஆட அவர் முழங்கால் இடம்தராது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியிருக்கிறார்கள். கீப்பர் கையில் இருக்கிறார். இனி என்ன தயக்கம்?

சாம்சன் ராஜஸ்தானின் கேப்டனாக இருந்தவர். அதனால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ருதுராஜ் நான்கு ஆட்டம் தோற்றால் "சாம்சனிடம் கொடுங்கள்" என்ற குரல் எழும். 2022-ல் ஜடேஜா விஷயத்தில் நடந்ததும் இதுபோலத்தான். நிர்வாகம் ருதுராஜே தொடர்வார் என்று அறிவித்திருப்பதை வரவேற்கிறோம். ஆனால் எத்தனை காலத்துக்கு என்று சொல்லவில்லை.

ரசிகர்களாகிய நமக்கும் ஒரு வார்த்தை. மேட்ச் நாளில் ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் லோக்கலில் ஏறுங்கள். பெட்டி முழுக்க மஞ்சள், முதுகில் எல்லாம் 7. ருதுராஜின் 31-ஐத் தேடித்தான் பார்க்க வேண்டும். சேப்பாக்கத்தில் நம் அணியின் விக்கெட் விழும்போதே, அடுத்து தோனி வருவார் என்று ஆர்ப்பரிக்கிறோம். அவுட்டாகித் திரும்பி நடக்கும் சொந்த அணிப் பையன் காதில் அந்தச் சத்தம் எப்படி விழும்?

நிர்வாகத்திடம் நாம் கேட்பது இரண்டே. முதல் பந்து வீசப்படும் முன்பே, முடிவு எப்படி இருந்தாலும் மூன்று சீசனுக்கு ருதுராஜ்தான் கேப்டன் என்று பகிரங்கமாகச் சொல்லுங்கள். தோனிக்குச் சேப்பாக்கத்தில் ஒரு பெரிய வழியனுப்பு விழா எடுங்கள். இந்தப் பக்கத்திலிருந்து அன்று கடைசி ரயில்வரை கூட்டம் வரும்.