ரோதாங் பனியில் 56 ஆண்டுகள்: தற்செயலை நம்பி நிற்கும் தேடல்

புது தில்லி: இமாசலப் பிரதேசத்தின் ரோதாங் கணவாய்ப் பகுதியில் 1968-இல் விபத்துக்குள்ளான இந்திய விமானப் படையின் ஏஎன்-12 விமானத்தில் பயணித்த நால்வரின் உடல்கள், 2024 செப்டம்பர் இறுதியில் மீட்கப்பட்டன. நாட்டின் மிக நீண்ட தேடல் பணிகளில் ஒன்று என இது பாராட்டப்பட்டது. பாராட்டு பொருத்தமானதே. ஆயினும், விமானத்தில் இருந்த 102 பேரில் அந்த நால்வரையும் சேர்த்து மீட்கப்பட்டோர் ஒன்பது பேர் மட்டுமே.

1968 பிப்ரவரி 7 அன்று சண்டீகரிலிருந்து லே நோக்கிப் புறப்பட்ட அவ்விமானம், மோசமான வானிலையால் திரும்ப முற்பட்டபோது தொடர்பை இழந்தது. அதன்பின் 35 ஆண்டுகள் தடயமே இல்லை. 2003-இல் முதல் சிதைவுகளைக் கண்டவர்கள் மலையேற்றக் குழுவினர். ராணுவம் பலமுறை தேடி, 2007-இல் மூன்று உடல்களை மீட்டது. 2018-இல் ஓர் உடல் தென்பட்டதோ, சந்திரபாகா சிகரப் பகுதியில் குப்பை அகற்றச் சென்ற மலையேறிகளின் கண்ணில். முறையான தேடலுக்கு இணையாகத் தற்செயலும் பங்காற்றியிருப்பதை இந்த வரிசை காட்டுகிறது.

காரணம் பனியாறுதான். அது ஓரிடத்தில் நிற்பதில்லை. விழுந்த பொருள்களை விழுங்கி, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி நகர்த்துகிறது. எனவே, விபத்து நேர்ந்த இடத்தைக் குறித்து வைத்தாலும் அங்கேயே சிதைவுகள் கிடைக்கும் என்பதில்லை. பனி உருகி மேற்பரப்பு வெளிப்படும் கோடையின் சில வாரங்களே தேடலுக்கு உகந்தவை. அதுவும் சுமார் 16,000 அடி உயரத்தில், பனிப்பிளவுகளுக்கு இடையே.

அருணாசலப் பிரதேசத்தின் அனுபவமும் ஏறத்தாழ இதுவே. 1944-இல் அங்கு விழுந்த அமெரிக்காவின் பி-24 விமானத்தை, 2006-இல் கண்டறிந்தவர் தனிப்பட்ட மலையேறி ஒருவர். அதனுடன் தொடர்புடையதாகக் கருதப்பட்ட எச்சங்கள் தில்லியிலிருந்து தாயகம் அனுப்பப்பட்டது 2016-இல்தான். காடும் பனியும் மட்டுமன்றி, அரசுகளின் அனுமதி நடைமுறையும் அந்த இடைவெளியை நீட்டின.

ரோதாங்கில் காலம் வேறு விதத்திலும் எதிராக நிற்கிறது. 2024-இல் மீட்கப்பட்டவர்களுள் ஒருவர் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தைச் சேர்ந்தவர். விபத்தின்போது அவருக்கு வயது 22. உடலுடன் இருந்த ஆவணங்களே அவரை அடையாளம் காட்டின. சொந்த ஊரில் அவரது உடலைப் பெற்றுக்கொண்டவர்கள், முதுமையை எட்டிவிட்ட உடன்பிறந்தோர். எஞ்சிய 93 பேரின் குடும்பங்களில், உடலைப் பார்த்து முகம் அறியக்கூடியவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு கோடைக்கும் குறைந்துகொண்டே வருகிறது.