அரக்குல 'ஒண்ணுமே இல்லை'யாம்!

அரக்கு போயிட்டு வந்தோம்னு யார்கிட்ட சொன்னாலும் ரெண்டே கேள்விதான் வருது. "ட்ரெய்ன்லயா போனீங்க?" இது முதல் கேள்வி. "அங்க ஒண்ணுமே இல்லையாமே, உருப்படியா ஒரு ரிசார்ட் கூட கிடையாதாமே?" இது ரெண்டாவது. முதல் கேள்விக்கு ஆமாம். ரெண்டாவதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கும், பக்கத்துல மோர் வச்சுக்கிட்டு படிங்க மக்களே.

மே மாசம் நானும் தங்கமணியும் அஞ்சு நாள் விசாகப்பட்டினம், அரக்குன்னு சுத்திட்டு வந்தோம். சென்னைலேர்ந்து சுமார் 800 கி.மீ. வழக்கமா ஊட்டி, அலுத்தா கொடைக்கானல்னு போற நம்ம சனத்துக்கு, கடலும் மலையும் ஒரே ட்ரிப்ல கிடைக்கிற ஊர் ஒண்ணு பக்கத்து மாநிலத்துல இருக்குங்கறதே பாதிப் பேருக்கு ஞாபகத்துல இல்ல.

வைசாக் பத்தி ரொம்ப இழுக்கப் போறதில்ல. ஆர்.கே. பீச்ல 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பல் இருக்கு. 1969-ல கடற்படையில சேர்ந்து, 2001-ல ஓய்வு வாங்கி, 2002-லேர்ந்து கரையில மியூசியமா உட்கார்ந்திருக்கு. உள்ள குனிஞ்சு குனிஞ்சு நடந்த தங்கமணி, "நம்ம வீட்டு கிச்சனே தேவலாம்"னு ஒரே வரியில விமர்சனத்தை முடிச்சுட்டாங்க. பீமிலி போற ரோட்டுல தொட்லகொண்டான்னு ஒரு குன்று. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பௌத்த மடாலயத்தோட மிச்சம் மேல இருக்கு. பாறையில தொட்டி வெட்டி தண்ணி பிடிச்சிருக்காங்க, அதான் பேரு. தொட்டி மலை! அங்க நாங்க ரெண்டு பேரு, நாலு ஆடு, கீழே முழுக் கடல். வேற யாரும் இல்ல. ஏன்னா அது எந்த 'பேக்கேஜ்'லயும் கிடையாது.

சரி, மலைக்கு வருவோம்.

காலைல ஏழு மணிக்கு முன்னாடியே கிளம்பற கிரந்துல் ரயில். நாலு மணி நேரம், சுரங்கம் சுரங்கமா நுழைஞ்சு ஏறுது. 2017-லேர்ந்து கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டி வேற. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் பெட்டியே "ஓ"ன்னு கத்துது. கத்தட்டும், லீவுக்குத்தானே வந்திருக்கோம். ஆனா இந்தப் பாதையை உங்களுக்கும் எனக்குமா போட்டாங்க? 1960-கள்ல பைலடிலா மலையோட இரும்புத்தாதை வெட்டி வைசாக் துறைமுகம் வழியா ஜப்பானுக்கு அனுப்பறதுக்காகப் போட்ட பாதை இது. இன்னிக்கும் எதிர்ல வர்ற கூட்ஸ் வண்டியை எட்டிப் பாருங்க, செம்மண் நிறத்துல ஒரு மலையே நகர்ந்து போகும். மலைன்னா தோண்டி எடுக்கறதுக்குன்னு நினைச்சுப் போட்ட பாதையில உட்கார்ந்துதான் நாம 'இயற்கையை ரசிக்கறோம்'. இதை மனசுல வச்சுக்குங்க, அப்பாலிக்கா வேணும்.

இப்ப அந்த 'ரிசார்ட் இல்ல' புலம்பல். எங்க கூட ரயில்ல வந்த ஒரு குடும்பம் போரா குகைலேர்ந்து அரக்கு வரைக்கும் இதே பாட்டுதான். "கேரளாக்காரன் கையில இந்த இடம் கிடைச்சிருந்தா எப்படி மாத்தியிருப்பான் தெரியுமா சார்?" தெரியும் சார். தெரியறதாலதான் பயமா இருக்கு.

அரக்குல வெளியூர்க்காரன் நிலம் வாங்க முடியாது. பணம் இருந்தாலும் முடியாது. அது அரசியல் சட்டத்தோட ஐந்தாவது அட்டவணைப் பகுதி. ஊர்ல 'ஏஜென்சி ஏரியா'ன்னு சொல்றாங்க. 1959-ல போட்ட நில மாற்ற ஒழுங்குமுறையை 1970-ல இறுக்கிக் கட்டினாங்க. அந்தத் திருத்தம்தான் 1/1970, எல்லார் வாயிலயும் 'ஒன் ஆஃப் செவன்டி'. பழங்குடியினர் அல்லாத யாருக்கும் அங்க நிலம் கை மாறக்கூடாது. விக்கறவர் பழங்குடி இல்லைன்னாலும் கூடாது. சமவெளி வட்டிக்காரங்ககிட்ட தலைமுறை தலைமுறையா நிலத்தைப் பறிகொடுத்த பிறகு வந்த சட்டம் இது. அல்லூரி சீதாராம ராஜு 1922-ல கிளம்பி 1924-ல சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்த ஏஜென்சி மலைகள்லதான். அப்ப இதெல்லாம் சென்னை மாகாணம். காட்டுக்குள்ள போகாதே, வெட்டாதே, விதைக்காதேன்னு உத்தரவு போட்ட ஆபீஸ் நம்ம ஊர்லதான் இருந்துச்சு. 2022-ல பிரிச்ச மாவட்டத்துக்கு அவர் பேரையே வச்சாங்க, அரக்கு இப்ப அந்த மாவட்டத்துலதான் இருக்கு.

அடுத்தது 1997. 'சமதா' தீர்ப்பு. போரா குகையைச் சுத்தி இருக்கற ஊர்கள்ல தனியார் கம்பெனிகளுக்குச் சுரங்கக் குத்தகை கொடுத்ததை எதிர்த்துப் போட்ட வழக்கு. உச்சநீதிமன்றம் என்ன சொல்லிச்சு? அரசாங்கமும் ஒரு 'நபர்'தான். அட்டவணைப் பகுதியில அரசு நிலத்தைக் கூட தனியார் கம்பெனிக்குச் சுரங்கம் தோண்ட குத்தகைக்கு விடக்கூடாது. குகைக்குள்ள கலர் லைட்டுல சுண்ணாம்புப் பாறையைப் பாத்து வாயைப் பிளக்கறோமே, அந்தக் குகைக்கு மேலயும் பக்கத்துலயும் அதுக்கப்புறமும் கிராமம் கிராமமாவே இருக்குன்னா இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். கைடு அதைச் சொல்ல மாட்டார். சிவலிங்கம் மாதிரி ஒரு பாறை, தாயும் பிள்ளையும் மாதிரி ஒரு பாறைன்னு காட்டிட்டு, அடுத்த பேட்சைக் கூப்பிடப் போயிடுவார்.

ஆக, "ரிசார்ட் இல்ல"ன்னு நீங்க சொல்ற குறை தற்செயலா வந்ததில்ல. அம்பது வருஷமா ஒரு சட்டம் காவல் இருக்கறதாலதான் இல்ல. (பினாமி பேர்ல நடக்கற விடுதிக் கதைகளும் காதுல விழுந்துச்சு. ஓட்டையே இல்லைன்னு நான் சொல்லல.) அரசு சுற்றுலாக் கழக விடுதி இருக்கு, சின்னச் சின்ன லாட்ஜ் இருக்கு. எங்க ரூம்ல வெந்நீர் பக்கெட்டுல வந்துச்சு, உயிர் போகல.

இது வெறும் பழங்கதைன்னு நினைக்காதீங்க. 2025 தொடக்கத்துல, சுற்றுலா வளரணும்னா இந்தச் சட்டத்தைத் தளர்த்தணும்னு மேல்மட்டத்துலேர்ந்தே ஒரு பேச்சு கிளம்பிச்சு. பிப்ரவரியில ஏஜென்சி முழுக்க 48 மணி நேர பந்த். கடைசியில சட்டத்துல கை வைக்க மாட்டோம்னு முதலமைச்சரே சொல்ல வேண்டியதாச்சு. அந்தப் பேச்சு யார் பேரைச் சொல்லிக் கிளம்பிச்சு? டூரிஸ்ட் பேரைச் சொல்லி. அதாவது உங்களையும் என்னையும் சொல்லி. நாம சும்மா பொழுது போகாம "வசதி பத்தல"ன்னு எழுதற ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தருக்கு சாட்சிக் கையெழுத்தா போகுது.

"வளர்ச்சியே வேண்டாம்னு சொல்றியா, அவங்க அப்படியே கிடக்கணுமா?"ன்னு ஒருத்தர் வருவார். வாங்க சார். உள்ளடங்கின மலை ஊர்கள்ல பிரசவ வலி எடுத்த பொண்ணை இன்னமும் டோலி கட்டித் தூக்கிட்டு வர்ற செய்தி வருது. வெட்கக்கேடு. ஆனா ரோடு போடறதுக்கோ ஆஸ்பத்திரி கட்டறதுக்கோ ஒன் ஆஃப் செவன்டியில ஒரு தடையும் கிடையாது. அது தடுக்கறது நில விற்பனையை மட்டும்தான். ரோடு கேட்டா ரிசார்ட்டைக் காட்டறது என்ன நியாயம்?

வளர்ச்சி எப்படி இருக்கும்னு பாக்கணுமா, காப்பித் தோட்டத்தைப் பாருங்க. சில்வர் ஓக் நிழல்ல காப்பிச் செடி, மரத்து மேல மிளகுக் கொடி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர். அந்த அரபிகா 2019-ல புவிசார் குறியீடு வாங்கிடுச்சு, அதுக்கு முன்னாடி 2017-லயே பாரிஸ்ல அரக்கு பேர்ல கடை திறந்தாச்சு. நிலம் அவங்ககிட்ட இருந்ததாலதான் அவங்க காப்பி விவசாயி. நிலத்தை வித்திருந்தா அதே ஆளு அதே இடத்துல ரிசார்ட் வாசல்ல தொப்பி போட்டுக்கிட்டு உங்களுக்குக் கேட் திறந்து விட்டுட்டு இருப்பார்.

இல்ல, மலையைத் திறந்து விட்டா என்ன ஆகும்னு பாக்கணும்னாலும் தூரமா போக வேண்டாம். நம்ம தமிழ்நாட்டுல ஐந்தாவது அட்டவணைப் பகுதின்னு ஒரு இஞ்ச் கூட கிடையாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கு. 2025 கோடையில ஊட்டிக்கு வார நாள்ல 6000 வண்டி, வாரக் கடைசியில 8000 வண்டின்னு கோர்ட்டே எண்ணிக் கொடுக்கற நிலைமை. அந்த டிராஃபிக்ல மூணு மணி நேரம் நின்னுட்டு வந்தவங்கதான் அரக்குல வந்து "டெவலப் ஆகல"ங்கறாங்க. எனக்குப் புரியல, நெஜமாவே புரியல.

வைசாக்லயே இன்னொரு பாடம் இருக்கு. ருஷிகொண்டா. கடலைப் பாத்தபடி அழகான குன்று. 2021-ல அங்க இருந்த அரசு விடுதியை இடிச்சுட்டு, 'சுற்றுலாத் திட்டம்'னு சொல்லி மலையையே வெட்டினாங்க. கோர்ட், கேஸ், பச்சை வலை போட்டு மறைப்பு. 2024-ல ஆட்சி மாறி கதவைத் திறந்து காட்டினப்பதான் உள்ள எழுந்திருந்த மாளிகைகளை ஊரே பாத்துச்சு. பீச்லேர்ந்து பாத்தா குன்றோட வெட்டுக்காயம் பளிச்னு தெரியுது. தங்கமணி கேட்டாங்க, "இதுல சுற்றுலா எங்கங்க இருக்கு?"

கடைசியா அந்த திம்சா. ராத்திரி விடுதி முற்றத்துல பொண்ணுங்க தோளோட தோள் பின்னிக்கிட்டு வட்டமா ஆடறாங்க. அறுவடைக்கும் கல்யாணத்துக்கும் ஊரே சேர்ந்து ஆடற ஆட்டம். அங்க ஒரு ஆளு, நம்ம ஊர்த் தமிழ்தான் பேசினார், ஆடறவங்களை நிறுத்தி, மனைவியை நடுவுல நுழைச்சு, "ஸ்மைல், ஸ்மைல்"னு நாலு தடவை படம் எடுத்தார். அந்த அம்மாவுக்கே கூச்சமா இருந்துச்சு. போட்டோ முடிஞ்சதும் பத்து ரூபாயை நீட்டினார். வரிசையில மூத்தவங்க ஒருத்தங்க அதைக் கையால வாங்காம, கீழே இருந்த தட்டை மட்டும் காட்டிட்டு மறுபடி ஆட்டத்துல சேர்ந்துட்டாங்க.

டிஸ்கி 1: மே மாசம் மலை காஞ்சுதான் இருக்கும். மஞ்சள் பூ வயல் போட்டோ பாத்து ஏமாறாதீங்க, அது நவம்பர், டிசம்பர் சமாச்சாரம். ராத்திரி மட்டும் இதமா இருக்கும்.

டிஸ்கி 2: தேன், காப்பித்தூள், சீயக்காய் வாங்கறதா இருந்தா ஜி.சி.சி. கடையில வாங்குங்க. 1956-லேர்ந்து இருக்கற பழங்குடியினர் கூட்டுறவுக் கழகம். பேரம் பேச முடியாதுன்னு தங்கமணிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம் :-)