எந்தக் கரைக்குச் செல்வோம்?



கோடை விடுமுறை நெருங்கியதும், "சுவாமி, பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்கு அழைத்துச் செல்வோமா, இராமேசுவரத்திற்கா?" என்று பலர் நம்மை வினவுகின்றனர். திண்டுக்கல் சமவெளியில் கிணற்றிலும் குளத்திலும் நீந்தப் பழகிய நம் பிள்ளைகள் கடலின் குணத்தை அறியார். ஆகவே கரையின் அழகைவிடக் காற்றின் திசையையே நாம் முதற்கண் எண்ணுதல் வேண்டும்.

இராமேசுவரத்து மீனவர் வடபால் உள்ள பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தென்பால் உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அழைப்பர். மே மாதத்தில் தென்மேற்குக் காற்று வலுக்கும்போது ஆண்கடலும் குமரிக் கடலும் கொந்தளிக்கும். பெண்கடலோ அமைதி காக்கும். ஐப்பசியில் வாடை வீசத் தொடங்கினால் பெண்கடலும் சீறும்.

2024 மே 6 அன்று குமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவரை அலை வாரிச் சென்றது. கற்றறிந்த இளைஞரே அவர்கள். எனினும் கடல் அதனைக் கருதவில்லை.

எனவே கோடையில் சிறுவரோடு நீராட விரும்புவோர்க்கு உச்சிப்புளியை அடுத்த அரியமான் கரையே ஏற்றது என்போம். குமரிக்குச் செல்வோர் கரையில் நின்று கண்டு மகிழட்டும். எக்கரையாயினும், வலை உலர்த்தும் மீனவரை ஒரு வார்த்தை கேட்ட பின்னரே பிள்ளையின் கையை விடுங்கள்.