கடல் தாண்டினால்தான் மெத்தையா?

வைர வியாபாரி மெஹுல் சோக்சியை ஒப்படைக்கும்படி பெல்ஜியத்தைக் கேட்ட மத்திய அரசு, 2025 செப்டம்பரில் ஓர் உறுதிமொழிக் கடிதம் கொடுத்தது. மூன்று சதுர மீட்டருக்குக் குறையாத தனியிடம், பருத்தி மெத்தை, தலையணை, போர்வை, நல்ல குடிநீர், எந்நேரமும் மருத்துவ வசதி. இடம், மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12ஆம் எண் பிளாக். தொழிலதிபர் விஜய் மல்லையாவை ஒப்படைக்கக் கோரிய வழக்கில் 2018இல் லண்டன் நீதிபதிக்குக் காணொளி எடுத்துக் காட்டியதும் இதே பிளாக்கைத்தான்.

அந்தச் சிறையோ கொள்ளளவை வெகுவாக மீறி ஆட்களை அடைத்து வைத்திருப்பது. ஜாமீன் தொகை கட்ட வழியில்லாத விசாரணைக் கைதிக்கு இப்படி ஓர் உறுதிமொழிக் கடிதம் கிடைப்பதில்லை.

பெல்ஜியம் இந்த உறுதியைக் கேட்டதில் தவறில்லை. கேட்ட பிறகே கொடுப்பது என்ற நம் வழக்கம்தான் தவறு. கொடுத்ததைக் காப்பாற்றுவதிலும் நமக்குத் தயக்கம் உண்டு.

அபு சலேம் விவகாரம் இதற்குச் சாட்சி. 257 பேரைக் கொன்ற 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அவர், 2002இல் லிஸ்பனில் பிடிபட்டார். சாதாரணக் குற்றங்களுக்கு மரண தண்டனையையும், ஆயுள் தண்டனையையும் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒழித்த நாடு போர்ச்சுகல். தூக்கு கிடையாது, 25 ஆண்டுக்கு மேல் சிறையும் கிடையாது என்று அன்றைய துணைப் பிரதமர் அத்வானி எழுதிக் கொடுத்தார். 2005இல் சலேம் வந்து சேர்ந்தார். வந்ததும், ஒப்படைப்பு உத்தரவில் இல்லாத குற்றச்சாட்டுகளையும் சேர்த்தோம். ஒப்படைப்பு அனுமதியே ரத்து என்றது போர்ச்சுகல் நீதிமன்றம். அதன் பிறகு சி.பி.ஐ. உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2013இல் அவற்றில் சிலவற்றைத் திரும்பப் பெற்றது. 25 ஆண்டு வாக்குறுதி பற்றி 2022இல் கேள்வி வந்தபோது, அது 2030இல் எழட்டும் என்று நழுவப் பார்த்தது உள்துறை. நீதிபதிகள் கவுலும் சுந்தரேஷும் நழுவ விடவில்லை: காலம் முடிந்ததும் விடுவிக்க அரசு கடமைப்பட்டது என்று தீர்ப்பளித்தார்கள். ஒரு நாட்டின் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு என்பதை அந்நாட்டு அரசுக்கே நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது வெட்கக்கேடு.

அதே குண்டுவெடிப்பு வழக்கில், 1994இலேயே நம் காவலுக்கு வந்துவிட்ட யாகூப் மேமனை 2015இல் தூக்கிலிட்டோம். இருவரின் பங்கும் ஒன்றல்ல. ஆனாலும் சலேமுக்குத் தூக்கு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்தது லிஸ்பனுக்குக் கொடுத்த காகிதம். வெளிநாடு ஒப்படைத்தவருக்கு ஒரு சட்டம், நம் கையில் நேரடியாக அகப்பட்டவருக்கு இன்னொன்று என்ற இந்த ஏற்பாட்டை நியாயம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

வெளிநாடுகள் நம்மிடம் உறுதிமொழி கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. ஐ.நா. சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டோம். இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. அதற்கான மசோதா 2010இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் முடங்கிக் காலாவதியானது. சட்ட ஆணையம் 2017இல் மீண்டும் பரிந்துரைத்தும் அசைவில்லை. புருலியா ஆயுத வீச்சு வழக்கில் டென்மார்க்கும், ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரி வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றமும் நம் காவலையும் சிறையையும் காரணம் காட்டியே ஆளை அனுப்ப மறுத்தன. இதை அவமதிப்பு என்று டெல்லி கோபிக்கலாம். சாத்தான்குளம் காவல் மரணங்களைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு அந்தக் கோபம் வராது.

சலேமின் 25 ஆண்டு 2030 அக்டோபரில் நிறைவடைகிறது. அவரை யாரும் நினைவூட்டாமலே அரசு விடுவிக்க வேண்டும். அதற்கு முன்பே சித்திரவதைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றி, பெல்ஜியத்துக்கு எழுதிய அந்த மூன்று சதுர மீட்டரை எல்லா மாநிலச் சிறை விதிகளிலும் எழுத வேண்டும்.